சர்க்கரைச் சிலைகள்: தின்பதற்கா, பார்ப்பதற்கா?

கேள்வி இதுதான்: பரோக் காலத்து (17-ஆம் நூற்றாண்டை ஒட்டிய ஆடம்பரக் கலைக் காலம்) ஐரோப்பிய விருந்துகளில் முழுக்க முழுக்கச் சர்க்கரையிலேயே சிலை செய்து மேசை நடுவில் நிறுத்தினார்களாமே, நிஜமா? அது எப்படிக் கரையாமல் நின்றது? கடைசியில் யார் தின்றார்கள்?

நிஜம்தான். கரையாததற்குக் காரணம் இருக்கிறது, கீழே சொல்கிறேன். தின்றது யார் என்று கேட்டால், பெரிய சிலைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் யாருமே இல்லை. இதை ஒரு இனிப்புப் பண்டம் என்று நினைத்துக்கொண்டு படித்தால் எதுவும் பிடிபடாது. விருந்து வைக்கிறவர் தன் பணத்தையும் அரசியலையும், யாரோடு யார் கூட்டு என்பதையும் மேசை மேல் பரப்பிக் காட்டுகிற வேலை இது. இத்தாலியில் இவற்றைத் திரியோன்ஃபி என்பார்கள்.

நன்றாகப் பதிவாகியிருக்கிற ஒரு விருந்தைப் பார்த்தால் விஷயம் சுலபமாகப் புரியும். 1687 ஜனவரி, ரோம். இங்கிலாந்தில் கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் அரியணையில் இருக்கிறார். பல தலைமுறைகளாகப் போப்போடு முறுக்கிக்கொண்டிருந்த நாடு அது. இப்போது அந்த நாட்டு அரசரே போப்பிடம் தூதர் அனுப்புகிறார். வந்தவர் கேசில்மேன் பிரபு ராஜர் பாமர். (இவருடைய மனைவி பார்பரா வில்லியர்ஸ், முந்தைய அரசர் இரண்டாம் சார்லஸின் ஆசைநாயகியாக ஊருக்கே தெரிந்தவர். பாமருக்குப் பிரபு பட்டம் கிடைத்த வழியும் அதுதான். மனிதர் நிறைய விழுங்கிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்.) தூதுக்குழுவின் விருந்து ஏற்பாடு, அலங்காரம் எல்லாவற்றையும் கவனித்தவர் ஜான் மைக்கேல் ரைட் என்ற ஓவியர். பியாட்சா நவோனா சதுக்கத்தில் இருக்கும் பாம்ஃபிலி மாளிகையில் விருந்து. நீண்ட மேசை, அதன் நடுக்கோடு முழுவதும் வரிசையாகச் சர்க்கரைச் சிலைகள், சில மனித உயரத்தில் பாதிக்குக் கிட்டத்தட்ட வரும். ரோமானியக் கடவுள்கள், நற்குணங்களைப் பெண் உருவமாக வடித்த சிலைகள், எல்லாமே சுற்றிவளைத்து ஜேம்ஸின் புகழைப் பாடுபவை. விருந்துக்கு முன்பே ஊர்க்காரர்கள் வந்து பார்க்க அனுமதித்தார்கள். விருந்து முடிந்ததும் சிலைகளை நகரத்துப் பெரிய வீட்டுப் பெண்களுக்குப் பரிசாக அனுப்பிவைத்தார்கள். ஆக, பார்க்கிற வேலை விருந்துக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது, விருந்து முடிந்த பிறகும் ஓயவில்லை. சாப்பாட்டு நேரம் நடுவில் வந்த ஒரு பகுதி, அவ்வளவுதான்.

ரைட் இதையெல்லாம் அதே ஆண்டு இத்தாலிய மொழியில் ஒரு புத்தகமாகப் போட்டார். ஜோவான்னி பத்திஸ்தா லெனார்தி வரைந்த படங்களை ஆர்னோல்ட் வான் வெஸ்டர்ஹவுட் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். இன்றைக்கு நாம் பார்க்கிற அந்தப் புகழ்பெற்ற மேசைப் படம் அங்கிருந்து வந்ததுதான். 1688-இல் ஆங்கிலத்திலும் புத்தகம் வந்தது. அதே வருடம் டிசம்பரில் ஜேம்ஸ் அரியணையை விட்டு பிரான்சுக்கு ஓடினார். அடுத்த ஆண்டு கேசில்மேன் லண்டன் கோபுரச் சிறையில். இவ்வளவு செலவழித்த தூதாவது பலித்ததா என்றால் அதுவும் பெரிதாக இல்லை. போப் பதினோராம் இன்னசென்ட் சிக்கனமான ஆள், ஆடம்பரம் பிடிக்காதவர். கேசில்மேன் காரியத்தைப் பேச வாயெடுத்தாலே போப்புக்கு இருமல் வந்துவிடும் என்று ஒரு கதை அப்போதே உலவியது.

சரி, கரையாதது எப்படி? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். சர்க்கரைச் சிலை என்றதும் கண்ணாடி போல மினுங்கும் மிட்டாயை நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கண்ணாடிப் பதச் சர்க்கரைதான் காற்றில் இருக்கும் ஈரத்தை உடனே இழுத்துப் பிசுபிசுக்கும். படிகமாக இருக்கும் சர்க்கரை அப்படி இல்லை. காற்றில் ஈரப்பதம் சுமார் 85 சதவீதத்தைத் தாண்டினால்தான் தூய சர்க்கரைப் படிகம் கசிய ஆரம்பிக்கும். பரோக் கால வேலைக்காரர்களுக்கு இந்த எண் தெரியாது, ஆனால் விஷயம் கைக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் பயன்படுத்திய இரண்டு முறைகளிலும் சர்க்கரை படிகமாகவேதான் இருக்கும்.

முதல் முறை, மாவு பிசைவது. டிரகாகாந்த் என்று ஒரு பிசின், பாரசீகம், துருக்கிப் பக்கத்து முட்செடியிலிருந்து வடிவது. ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசின் ஊறினால் எப்படி உப்பி வழவழவென்று ஆகுமோ அதே மாதிரி இதைப் பன்னீரில் ஊறவைத்து, துணியில் பிழிந்து எடுத்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்வத்தில் போட்டு, நன்றாகச் சலித்த மாவுச் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி இடிக்க வேண்டும். கையில் ஒட்டாத வெள்ளை மாவு கிடைக்கும். அதை மெல்லிய தகடாகத் தேய்க்கலாம், மர அச்சில் அமுக்கலாம், இதழ் இதழாகக் கிள்ளிப் பூ செய்யலாம். ஆனால் வேகம் வேண்டும், ஏனென்றால் காற்று பட்டதுமே மேல்தோல் காய்ந்து விரிசல் விட ஆரம்பிக்கும், அதனால் வேலை செய்யாத பகுதியை ஈரத்துணியால் மூடியே வைத்திருப்பார்கள். காய்ந்தபின் கல் மாதிரி கெட்டி, தட்டினால் ஓசை வரும். 1555-இல் வெனிஸில் வெளிவந்த, அலெஸ்ஸியோ பியெமொந்தேசே என்ற பெயரிலான ரகசியச் செய்முறைகள் நூலில் இந்த மாவுக்கான குறிப்பு இருக்கிறது. தட்டு, கிண்ணம், குவளை எல்லாம் இதிலேயே செய்து, விருந்து முடிந்ததும் அதையும் உடைத்துத் தின்னலாம் என்கிறது அது.

இரண்டாவது முறை வார்ப்பு, பெரிய சிலைகளுக்கு இதுதான். பாகை உருண்டைப் பதத்தை ஒட்டிக் காய்ச்சி இறக்கி, பாத்திரத்தின் ஓரத்தில் கரண்டியால் தேய்த்துத் தேய்த்துப் பூக்க வைக்க வேண்டும். தெளிவாக இருந்த பாகு மங்கலாகி, பால் போல வெளுக்கும். வீட்டில் பாகு பூத்துவிட்டால் தலையில் கை வைப்போம். இங்கே அதை வேண்டுமென்றே செய்கிறார்கள். வெளுத்த அந்தக் கணத்தில், இறுகுவதற்கு முன், தண்ணீரில் ஊறிய பிளாஸ்டர் அச்சில் ஊற்ற வேண்டும். ஓரங்களில் ஒரு கனத்துக்குப் படிந்ததும் நடுவில் மிச்சமிருக்கும் பாகைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே பொள்ளலான சிலை வரும், எடையும் குறைவு, சர்க்கரையும் மிச்சம். அச்சைப் பிரித்தால் பளிங்கு மாதிரி வெள்ளை. கை, கால், கிரீடம் எல்லாம் தனித்தனியாக வார்த்து, பிசின் மாவால் ஒட்டி, இணைப்பைச் சுரண்டிச் சமன் செய்து, தேவைப்பட்ட இடத்தில் தங்க ரேக்கு ஒட்டுவார்கள். நீட்டிய கை, பறக்கும் துணி மாதிரியான இடங்களில் உள்ளே கம்பியோ குச்சியோ போகும்.

இப்போது யோசித்துப் பாருங்கள், துண்டு துண்டாக அச்செடுப்பது, பொள்ளலாக வார்ப்பது, ஒட்டுவது, சுரண்டுவது. வெண்கலச் சிலை வார்க்கிறவன் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான். அதனால்தான் ஃபுளோரன்ஸில் இந்த வேலை நேராகச் சிற்பிகளின் பட்டறைக்கே போனது. 1600 அக்டோபர் 5, வெக்கியோ மாளிகையின் பெரிய மண்டபம், மரியா தே மெதிச்சிக்கும் பிரான்ஸ் அரசர் நான்காம் ஹென்றிக்கும் கல்யாண விருந்து. மாப்பிள்ளை வரவில்லை. அவருக்குப் பதிலாக மோதிரம் போட்டவர் பெண்ணின் சித்தப்பா, டஸ்கனியின் பெருங்கோமகன் முதலாம் ஃபெர்தினாந்தோ. அந்த மேசைக்கான சர்க்கரைச் சிலைகள் ஜாம்போலோஞாவின் மாதிரிகளை வைத்து, அவருடைய சீடர் பியெத்ரோ தாக்கா கைப்பட வார்த்தவை. ஜாம்போலோஞா என்றால் அன்றைய ஐரோப்பாவின் முதல் வரிசைச் சிற்பி, அரசர்கள் அவருடைய சிறு வெண்கலங்களுக்காக வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அவற்றின் அச்சிலேயே சர்க்கரையை ஊற்றினால் என்ன செய்தி போகிறது? நீங்கள் வெண்கலத்தில் ஒன்று கிடைக்காதா என்று ஏங்குவதை நாங்கள் ஒரு சாயங்காலத்துக்காக இனிப்பில் வரிசையாக நிறுத்துவோம் என்பதுதான். ஹென்றி குதிரை மேல் அமர்ந்த சிலையும் சர்க்கரையில் இருந்தது, நேரில் வராத மாப்பிள்ளை அப்படியாவது வந்தார். பின்னாளில் அதே பட்டறை ஹென்றியின் குதிரைச் சிலையைப் பெரிய வெண்கலமாகச் செய்து அனுப்ப, 1614-இல் அது பாரிஸின் புதுப்பாலத்தில் ஏறியது. பிரெஞ்சுப் புரட்சியில் அதையும் உருக்கிவிட்டார்கள், அது வேறு கதை.

இந்தப் பழக்கத்தை ஐரோப்பா கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். 11-ஆம் நூற்றாண்டில் கெய்ரோவுக்குப் போன பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய கலீபாவின் பெருநாள் விருந்தில் கிளை, இலை, பழம் எல்லாம் சர்க்கரையிலேயே செய்த ஆரஞ்சு மரத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். 1582-இல் இஸ்தான்புல்லில் சுல்தான் மூன்றாம் முராத் தன் மகனின் சுன்னத்து விழாவை ஐம்பது நாளுக்கும் மேல் கொண்டாடியபோது யானை, சிங்கம் என்று சர்க்கரை மிருகங்களை ஊர்வலமாகத் தூக்கிப்போனார்கள். அரண்மனை ஓவியர்கள் அதை வரைந்தும் வைத்திருக்கிறார்கள். வெனிஸ் இந்த உலகத்தோடு தினமும் வியாபாரம் செய்த ஊர், அங்கே இது முதலில் பற்றிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

வெனிஸ்காரர்களுக்குச் சிலையைவிட ஏமாற்று வித்தையில் ஆசை அதிகம். 1574 ஜூலையில் பிரான்சின் மூன்றாம் ஹென்றி, போலந்து அரச பதவியைப் போட்டுவிட்டு ஊர் திரும்பும் வழியில் அங்கே தங்கினார். கப்பல் கட்டும் தளமான ஆர்செனாலில் அவருக்கு ஒரு சிற்றுண்டி. உட்கார்ந்து கைத்துணியை எடுத்தார், அது கையிலேயே உடைந்தது. கைத்துணி, மேசை விரிப்பு, தட்டு, கத்தி, முள்கரண்டி, ரொட்டி எல்லாமே சர்க்கரை. அதைச் செய்தவர் ஒரு மருந்துச் சரக்குக் கடைக்காரர் என்பதைக் கவனியுங்கள். அன்றைக்குச் சர்க்கரை விற்றது அவர்கள்தான், மிளகு, லவங்கப்பட்டையோடு சேர்ந்த சரக்கு அது.

ரோமில் இது பக்தியோடும் கலந்தது. புனித வியாழனன்று கர்தினால்களுக்குப் போப் தரும் விருந்தில் யேசுவின் பாடுகளைக் காட்டும் காட்சிகள் மேசையில் நின்றன. சிலுவை சுமப்பதைச் சர்க்கரையில் செய்து நடுவில் வைத்துவிட்டுச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது நமக்கு ஒரு மாதிரியாக இருக்கலாம், அவர்களுக்கு அது உறுத்தவில்லை. பியேர் பால் செவாங் என்ற பிரெஞ்சுக்காரர் ரோமில் இருந்தபோது இந்த மேசைகளை வரைந்தார். 1668 டிசம்பர் 9 அன்று போப் ஒன்பதாம் கிளமென்ட், ஸ்வீடனின் முன்னாள் ராணி கிறிஸ்டினாவுக்குக் கொடுத்த விருந்தையும் அவர் வரைந்திருக்கிறார். அந்த ராணி புராட்டஸ்டன்ட் நாட்டின் அரியணையைத் துறந்து கத்தோலிக்கரானவர், அதனால் போகிற ஊரிலெல்லாம் சர்க்கரைச் சிலை வரவேற்பு. 1655-இல் ரோமுக்கு வரும் வழியில் மாந்துவாவில் கொன்சாகா கோமகன் வைத்த விருந்தை அவருடைய சமையல்காரர் பார்த்தொலொமேயோ ஸ்தெஃபானி எழுதியிருக்கிறார். முதலில் வந்தது ஒலிம்பஸ் மலை, மேலே விசுவாசத்தின் பலிபீடம், ராணியின் சின்னத்துக்கு மேல் கிரீடம் பிடிக்கும் குழந்தைகள். மதம் மாறியதற்கான பாராட்டுப் பத்திரத்தை இனிப்பில் எழுதிக் கொடுத்தது மாதிரிதான்.

தின்பது பற்றி இன்னும் கொஞ்சம். சிறிய உருப்படிகளை, அதாவது பழம், கொட்டை, சீட்டுக்கட்டு, குவளை மாதிரி செய்த சர்க்கரைப் பொருட்களைத் தின்றார்கள், பாக்கெட்டில் போட்டுக்கொண்டும் போனார்கள். பெரிய சிலைகளில் கம்பி இருக்கும், ரேக்கு இருக்கும், நாள்கணக்கில் தூசி படிந்திருக்கும், சில நிறங்களில் விஷமும் இருக்கும். குங்குமப்பூ மஞ்சள், கீரைப் பச்சை ஆபத்தில்லை. ஆனால் பாதரசத்திலிருந்து வரும் சிவப்பும், செம்பு களிம்பிலிருந்து எடுக்கும் பச்சையும் அந்தக் காலத்தில் வண்ணக்காரர்களின் கையில் தாராளமாகப் புழங்கின. ஆகவே பெரிய சிலை பரிசாகப் போகும், அல்லது உடைத்துப் பங்கு போடுவார்கள். இங்கிலாந்தில் இதற்கும் முன்னால் நடந்த ஒன்று எனக்குப் பிடிக்கும். 1527-இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில், அரசர் எட்டாம் ஹென்றியின் அமைச்சரான கர்தினால் வுல்சி பிரெஞ்சுத் தூதுக்குழுவுக்கு விருந்து வைத்தார். மேசைக்கு வந்த இனிப்பு உருவங்களில் ஒரு சதுரங்கப் பலகையும் காய்களும் இருந்தன. பிரெஞ்சுக்காரர்கள் சதுரங்கத்தில் கெட்டிக்காரர்கள் என்று சொல்லி, வுல்சி அதை ஒரு பிரபுவுக்குக் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல், ஊருக்கு எடுத்துப்போகும்போது உடையாமலிருக்க உடனே ஒரு பெட்டியும் செய்யச் சொன்னார்.

விலை விஷயத்துக்கு வருவோம். நல்ல வெள்ளைச் சர்க்கரை கூம்பு வடிவக் கட்டியாக வரும், இடுக்கியால் நறுக்கி, இடித்து, மறுபடி கரைத்து, முட்டை வெள்ளைக்கருவைப் போட்டு அழுக்கு எடுத்து, அப்புறம்தான் சிலைக்கு ஆகும். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் அட்லாண்டிக் தீவான மதேராவும் பிறகு பிரேசிலும், 1640-களிலிருந்து கரீபியத் தீவான பார்படோஸும் சர்க்கரையை அனுப்பின. இந்தத் தோட்டங்களில் கரும்பு வெட்டி ஆலையில் கொடுத்தவர்கள் அடிமைகள், பெரும்பாலும் ஆப்பிரிக்கர்கள். ரோம் மேசையில் யாருடைய புகழைச் சர்க்கரை பாடியதோ அந்த இரண்டாம் ஜேம்ஸ், ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக வாங்கி அந்தத் தீவுகளுக்கு விற்ற ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் தலைவர். இதை அந்த விருந்தைப் பற்றிப் பேசும் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே நின்ற சிலைகளில் நீதி, தர்மம் எல்லாம் இருந்ததாகப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

அப்புறம் ஏன் இந்தக் கலை போனது? சர்க்கரை மலிந்தது ஒரு காரணம். எல்லோர் வீட்டிலும் இருக்கிற பொருளை வைத்து யாரிடம் பெருமை அடிப்பது? இன்னொரு காரணம் பீங்கான். 1710-இல் ஜெர்மனியின் சாக்ஸனிப் பகுதியில் மைசன் பீங்கான் ஆலை தொடங்கியது, 1731-இல் கெண்ட்லர் என்ற சிற்பி அங்கே சேர்ந்தார், விருந்து மேசைக்கான பொம்மைகள் கொட்ட ஆரம்பித்தன. இடையன், கோமாளி, சீனர், துருக்கியர் என்று முன்பு சர்க்கரையில் வந்ததெல்லாம் பீங்கானில் வந்தன, உடைந்தால் ஒழிய மறுபடி மறுபடி வைக்கலாம். 1753-இல் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் லண்டன் மேசைகளில் இனிப்புகள் ஒதுங்கி சாக்ஸன் பீங்கான் பொம்மைகள் ஏறிவிட்டதைக் கிண்டலடித்து எழுதினார். ஆல்பெமார்ல் பிரபுவிடம் வேலை பார்த்த இனிப்புக்காரரின் கதையையும் அவர்தான் சொன்னார். பதினெட்டு அடி உயரத்துக்குத் தேவதேவியர் கூட்டத்தை மேசை நடுவில் கட்டிவிட்டாராம் அந்த ஆள், பிரபு கூரையைப் பிரிக்க ஒத்துக்கொள்ளவில்லை என்று மனம் நொந்து புலம்பினாராம்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் அசல் எதுவும் மிச்சமில்லை. செவாங்கின் ஓவியங்கள் ஸ்டாக்ஹோம் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ரைட்டின் புத்தகத்துப் படங்கள் பல நூலகங்களில் உண்டு. 2015-இல் ஃபுளோரன்ஸின் பித்தி அரண்மனையில் 1600 கல்யாண விருந்துச் சிலைகளைச் சர்க்கரையிலேயே மறுபடி வார்த்துக் கண்காட்சி வைத்தார்கள், அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள், வார்த்த சர்க்கரையின் வெள்ளை எப்படி இருக்கும் என்று அதில் தெரியும். மைசன் பொம்மைகள் எந்தப் பெரிய அருங்காட்சியகத்திலும் கிடைக்கும், ஆனால் அங்கே ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தியிருப்பார்கள். அவை அப்படிப் பார்க்கச் செய்தவை இல்லை. பிரபுக்கள் வீட்டில் இனிப்பு அறைப் பொறுப்பில்தான் அவை இருந்தன. மேசை நடுவில் கண்ணாடித் தளம் போட்டு, நிறமேற்றிய சர்க்கரைப் பொடியைத் தூவித் தோட்டப் பாத்தி வரைந்து, அதற்குள் டஜன் கணக்கில் நிறுத்துவார்கள்.